சான்டோகு வாங்கப் போகிறீர்களா?

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் அரிவாள்மணையில் பழகிய கைகள் இப்போது கத்திக்கும் மாறுகின்றன. ஜப்பானியக் கத்தி வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். வீட்டுச் சமையலுக்கு 'சான்டோகு' போதும். அலகு 16 முதல் 18 சென்டிமீட்டர். காய்கறி மட்டும்தான் என்றால் 'நகிரி'.

அலகில் தெரியும் அலையலையான கோலத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். மலிவான கத்தியில் அது வெறும் அச்சாகவும் இருக்கும். என்ன எஃகு என்று கேளுங்கள். 'விஜி-10' எளிதில் துருப்பிடிக்காது. கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் அது 60 வாக்கில். அந்தக் கடினத்தால்தான் கூர் நீடிக்கிறது, அதனாலேயே விளிம்பு சட்டென்று பெயர்ந்தும் விடும். தேங்காய் உடைக்கவோ, ஆட்டெலும்பு வெட்டவோ, வஞ்சிரத் தலை பிளக்கவோ இதை எடுக்கவே கூடாது. அதற்கு நம்ம ஊர்ப் பட்டறைக் கத்திதான் சரி. கார்பன் எஃகாக இருந்தால், எலுமிச்சையோ புளியோ பட்டதும் கழுவித் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கறுத்துப்போகும்.

தெருவில் வரும் சாணைச் சக்கரத்தில் கொடுக்காதீர்கள். சூடேறினால் விளிம்பின் பதம் போய்விடும். 1000 எண் சாணைக்கல்லை நனைத்து, பக்கத்துக்குச் சுமார் 15 டிகிரி சாய்வில் வீட்டிலேயே தீட்டலாம்.