புதிய உறுப்பைப் பூட்டுமுன் துருவை நீக்குதல்

விழுப்புரம் ஜில்லா திருவெண்ணெய்நல்லூரைச் சூழ்ந்த பெண்ணையாற்றங்கரைக் கிராமங்களில் கரும்பு முக்கியமான பயிர்களுள் ஒன்று. பெரியசெவலையிலுள்ள செங்கல்வராயன் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பேற்றிச் செல்லும் டிராக்டர் டிரெய்லர்களை அங்கத்தினர் யாவரும் அறிவர். அரவைக்கு முந்திய ஐப்பசியும் கார்த்திகையும் இப்பகுதிக்கு மழைக்காலம். வேலையற்ற டிரெய்லர் அப்பொழுது களத்து மேட்டில் நனைந்து நிற்கின்றது. மார்கழியில் அதை இழுத்தால் சக்கரம் முனகுகின்றது. பட்டறையில் பேரிங் மாற்றவேண்டும் என்கிறார்கள், புதிதும் வாங்கப்படுகின்றது. சில வாரங்களில் அதுவும் கெடுமாயின், பழி சாமான் விற்ற கடையின்மேல் விழுகின்றது. ஆனால் பல சமயங்களில் குற்றம் புதிய உறுப்பில் இல்லை; அது உட்கார்ந்த இடத்தில் இருக்கின்றது.

துரு என்பது இரும்பின்மேல் ஒட்டிய அழுக்கன்று. இரும்பே ஈரத்தோடும் பிராணவாயுவோடும் கூடி வேறு பொருளாக மாறியதே துரு. அது, தான் உண்டான இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். அலுமினியத்தின்மேல் உண்டாகும் மெல்லிய ஏடு இறுக ஒட்டி அடியிலுள்ள உலோகத்தைக் காக்கும். துருவோ நுண்துளைகள் நிறைந்தது. ஈரத்தை உள்ளே விட்டுக்கொண்டேயிருக்கும். உப்புச் சேர்ந்தால் வேகம் இன்னும் கூடும். சங்கத்தில் நாம் வாங்கும் சாதாரணப் பொட்டாஷ் உரமும் ஒருவகை உப்பே. ஆதலால் அம்மூட்டைகளை ஏற்றிய டிரெய்லரைக் கழுவாமல் மழையில் விடுதல் கூடாது.

இத்தகைய துருவின்மேல் புதிய பேரிங்கின் வெளிவளையத்தை அடித்து இறக்கினால், வளையம் ஒருபுறம் சாய்ந்து நிற்கும். உருளைகள் ஒரே பக்கத்தில் பாரம் தாங்கிச் சூடேறும்; கிரீஸ் உருகி ஓடும். உதிர்ந்த துருத்தூளோ எமரித் தூளைப்போல் உள்ளிருந்து அராவும்.

இதனினும் அபாயமானது சக்கரத் தட்டும் ஹப்பும் சேரும் முகத்திலுள்ள துரு. நட்டுகளை எவ்வளவு முறுக்கினாலும், இடையிலுள்ள துரு பாரத்தில் நொறுங்கி மெலிகின்றது. மெலிந்த அளவுக்குப் போல்ட்டின் இழுப்புப் பிடி தளர்கின்றது, நட்டு கழலுகின்றது, போல்ட் முறிவதும் உண்டு. கரும்பு நிறைந்த டிரெய்லரின் சக்கரம் இரவில் நெடுஞ்சாலையில் கழன்றால் நேருவது யாதென்று விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை. அம்முகத்தில் கனமாகப் பெயிண்ட் பூசுவதும் இதே கேட்டைத் தருவதாகும்.

சுத்தம் செய்யும் முறை எளிது; பொறுமைதான் வேண்டும். டிரெய்லரை ஜாக்கியை மட்டும் நம்பி நிறுத்தாது, பலமான மரக்கட்டைகளின்மேல் நிறுத்துக. கெட்டிப்பட்ட நட்டுகளுக்கு முந்திய நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவிடுக. பழைய கிரீஸை டீசலால் முற்றும் கழுவித் துடைத்தபின், கம்பி பிரஷ்ஷினால் தேய்த்து, பொருத்தும் முகங்களை நயமான எமரித் தாளால் உலோகத்தின் வெண்மை தெரியுமளவும் துலக்குக. கண்ணாடியும் முகமூடியும் அணிதல் அவசியம். பிரேக் தூசியைக் காற்றடித்துக் கிளப்பாமல் ஈரத்துணியால் எடுக்க. பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கக்கூடும். இவ்வளவும் முடியுமட்டும் புதிய பேரிங்கை அதன் உறையிலிருந்து எடுக்கலாகாது.

சிறு உறுப்புகளுக்கு வீட்டிலுள்ள புளியே போதும். பித்தளையைத் துலக்கும் அதே புளிப்பமிலம் துருவையும் கரைக்கும். கெட்டியான புளிக்கரைசலில் ஓரிரவு ஊறவைத்துத் தேய்த்து, சலவைச் சோடா நீரில் அலசி, உடனே உலர்த்தி எண்ணெய் தடவவேண்டும். தாமதித்தால் அன்றே புதுத்துரு அரும்பும். கழிப்பறை கழுவும் ஆசிட்டை உபயோகிப்போர் உளர். அது நல்ல இரும்பையும் தின்னும். வில்களையும் கடினப்படுத்திய போல்ட்டுகளையும் உள்ளூர நொறுங்குந் தன்மையுடையனவாக்கும். அதை விலக்குக.

பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றித் திரவங்கள் கடைகளில் கிடைக்கின்றன. இவை துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றுவன. சுமார் 1,600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நிற்கும் டில்லி இரும்புத் தூணைக் காப்பதும் அவ்வினப் படலமே என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். டிரெய்லரின் சட்டத்திற்கும் பலகைத் தகட்டிற்கும் பெயிண்டுக்கு முன் இது ஏற்றது. பேரிங் இருக்கைக்கு ஆகாது, படலம் தங்கிவிடுமாதலால். நமது மாகாணத்திலேயே காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் உதவ, 1948-இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1953-இல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உலோக அரிப்பைத் தனித் துறையாகவே ஆராய்ந்து வருகின்றது.

துலக்கியபின் பேரிங் அமரும் இடத்தில் ஆழ்ந்த குழிகள் தென்பட்டால் அவ்வச்சு இனி உதவாது. போன இரும்பைத் தேய்ப்பு மீட்டுத் தராது. எண்ணெய் சீல் உரசும் இடத்தில் குழியிருப்பினும் புதிய சீல் விரைவில் ஒழுகும். பூட்டியபின் முதல் நடை சென்று திரும்பியதும் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்கவேண்டும்.

வாடகைக்கு டிராக்டர் விடும் சங்கங்களின் நிர்வாகக் கமிட்டியாருக்கு ஒரு வார்த்தை. பேரிங் விலைக்கு உடனே ஒப்புதல் தருகிறோம். துலக்குவதற்கான அரைநாட் கூலியைப் பில்லில் கண்டால் வீண்செலவென்று அடித்துவிடுகிறோம். அடிபடுமென்று தெரிந்த மேஸ்திரி அவ்வேலையையே விட்டுவிடுகின்றார். மதிப்பீட்டில் அக்கூலியைத் தனி இனமாக எழுதச் சொல்லி, துலக்கிய ஹப்பை இயக்குநர் ஒருவர் நேரில் கண்டபின் பூட்ட அனுமதிப்பது நலம்.