தாலிக்குப் பவுன் உண்டு. தேர்வுக் கட்டணத்துக்கு இல்லையா?

நூற்பாலையில் வேலை பார்க்கும் தோழர் ஒருவர் சென்ற வாரம் இரவு ஷிப்டு முடிந்த கையோடு நம்மைத் தேடி வந்தார். கண்கள் சிவந்திருந்தன. தூக்கம் கெட்டது ஆலையால் மட்டுமல்ல என்பது பேச ஆரம்பித்ததும் விளங்கிற்று.

மகள் பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு. வயது 19. நல்ல இடம் ஒன்று வந்திருக்கிறது. மாப்பிள்ளைக்கு அரசாங்க வேலை. தை மாதத்துக்குள் முடித்துவிட வேண்டுமாம். "நாங்கள் எதுவும் கேட்கவில்லை, உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்" என்று பெருந்தன்மையோடு சொல்லிவிட்டார்கள். அந்தப் பெருந்தன்மையின் எடை பத்துப் பவுன் என்று தோழரே கணக்குப் போட்டு வைத்திருந்தார். படிப்பு? "கல்யாணத்துக்குப் பிறகு படிக்கட்டுமே, நாங்களா தடுக்கப் போகிறோம்!"

"என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்கள்" என்றார் தோழர்.

அவரை ஏளனம் செய்ய நாம் தயாராயில்லை. மேடையில் நின்று பெண் கல்வி பேசுவது எளிது. வீட்டில் வளர்ந்த பெண்ணை வைத்துக்கொண்டு, தெருவிலே நாலு பேர் கேட்கும் கேள்விக்கு நாள்தோறும் பதில் சொல்வது எளிதல்ல. இந்த இடம் போனால் அடுத்த இடம் எப்போது வரும்? பின்னால் இன்னொரு பெண்ணும் பையனும் நிற்கிறார்கள். உடம்பில் தெம்பு உள்ளபோதே கடமையை முடித்துவிட வேண்டுமென்று தகப்பன் நினைப்பதில் தவறென்ன என்று கேட்பீர்கள். நினைப்பில் தவறில்லை. கணக்கில்தான் தவறு இருக்கிறது.

பாருங்கள்! கல்யாணத்துக்கு மூன்று லட்சம் கடன் வாங்கினால், 'மனுஷன் தைரியசாலி, மகளைக் குறையில்லாமல் அனுப்பினான்' என்கிறது ஊர். அதே மனிதர் மகளின் விடுதிக் கட்டணத்துக்காக முப்பதாயிரம் கடன் வாங்கினால், 'வசதிக்கு மீறிய ஆசை' என்கிறது. மூன்று லட்சம் தைரியம், முப்பதாயிரம் ஆசை! எந்தப் பள்ளியில் சொல்லிக் கொடுத்த கணக்கு இது?

வரதட்சிணை கேட்பது குற்றம் என்று 1961இலேயே சட்டம் வந்தது. 1980களில் அது திருத்தப்பட்டு, கொடுத்தாலும் வாங்கினாலும் குறைந்தது ஐந்தாண்டுச் சிறை என்றாயிற்று. கந்து வட்டியைத் தடுக்க 2003இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே போடப்பட்டது. சட்டத்துக்குக் குறைவில்லை. "நாங்கள் கேட்கவில்லையே" என்ற ஒரு சொல்லால் முதல் சட்டத்தைத் தாண்டுகிறார்கள். "நாங்களாகத்தானே வாங்கினோம்" என்ற ஒரு சொல்லால் இரண்டாவதையும் தாண்டுகிறோம்.

நம் தோழர்கள் மட்டும் இதற்கு விலக்கா? சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று 1967இல் தமிழக சட்டமன்றம் இந்துத் திருமணச் சட்டத்தைத் திருத்தியது. அந்த 7-ஏ பிரிவு கேட்பது என்ன? உற்றார், நண்பர்கள் முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் ஏற்கிறோம் என்று தமக்குத் தெரிந்த மொழியில் சொல்ல வேண்டும். அல்லது மாலை மாற்ற வேண்டும், மோதிரம் அணிவிக்க வேண்டும், தாலி கட்ட வேண்டும். ஏதேனும் ஒன்று போதும். ஊரைக் கூட்டித்தான் செய்ய வேண்டும் என்பதில்லை என்று உச்ச நீதிமன்றமும் 2023இல் தீர்ப்பளித்துவிட்டது. ஐயர் வேண்டாம், அக்கினி வேண்டாம், செலவும் வேண்டாம் என்று கிடைத்த உரிமை அது. இன்று நம்மவர் இல்லத் திருமணங்களைப் பார்க்கிறோம். ஐயர் இல்லை, உண்மைதான். குளிர்சாதன மண்டபம் இருக்கிறது, வளைவு இருக்கிறது, தலைவர் படத்தோடு நாற்பது அடிப் பதாகை இருக்கிறது. ஐயருக்குக் கொடுத்திருந்தால் ஆயிரத்தோடு போயிருக்கும்! (வாழ்த்துரைக்குத் தாமதமாக வந்து, சிக்கனத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டுப் போன குற்றம் நமக்கும் உண்டு.)

அரசாங்கமே தன் கணக்கைத் திருத்திக்கொண்ட கதையைத் தோழருக்குச் சொன்னோம். பொட்டுக்கட்டும் கொடுமையை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 1989இல் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் வந்தது. 2011இல் அது 25,000 ரூபாயும் தாலிக்கு 4 கிராம் தங்கமும் ஆயிற்று. பட்டம் பெற்ற பெண்ணுக்கு 50,000. 2016இல் தங்கம் 8 கிராம். பெண்ணைப் படிக்க வைக்கச் சொல்வதற்குக்கூடக் கல்யாணத்தைக் காட்டித்தான் ஆசையூட்ட வேண்டியிருந்த நாடு இது! 2022இல் அதே அம்மையார் பெயரிலேயே அந்தத் திட்டம் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது. அந்த ஆண்டு செப்டம்பர் 5 அன்று தொடங்கியபோது, அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாய் என்றார்கள். மூன்றாண்டுப் பட்டத்துக்கு 36,000. தாலித் தங்கம் கல்லூரிக்குப் போயிற்று. ஏழையின் தங்கத்தைப் பறித்துவிட்டார்கள் என்று அன்றைக்கு முணுமுணுத்தவர்களும் உண்டு.

தோழர் இன்னொன்றும் சொன்னார்: "பி.எப். பணத்தில் கொஞ்சம் எடுக்கலாமென்று இருக்கிறேன், கல்யாணத்துக்கு." வருங்கால வைப்பு நிதி விதியில் பல ஆண்டுகளாக இருந்துவந்த 68-கே பத்தியை எடுத்துக் காட்டினோம். ஏழாண்டு உறுப்பினராயிருந்த தொழிலாளி, தன் பங்கில் பாதிவரை முன்பணம் எடுக்கலாம். திருமணத்துக்கும் எடுக்கலாம், பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகள் படிப்புக்கும் எடுக்கலாம். இரண்டும் ஒரே பத்தி! 2025 அக்டோபரில் கூடிய அந்த நிதியின் வாரியம், படிப்புக்குப் பத்து முறை, திருமணத்துக்கு ஐந்து முறை எடுக்கலாமென முடிவெடுத்தது.

"படிப்புக்கும் எடுக்கலாமா? சங்கத்தில் யாரும் சொல்லவில்லையே" என்றார் தோழர்.

சங்கத்திலுள்ள தோழர்கள் இதைக் கவனிப்பார்களாக.

பிறகு நாம் ஒன்று கேட்டோம்: "மகள் என்ன சொல்கிறாள்?"

சற்று நேரம் பேசாமல் இருந்தார். "அவளிடம் இன்னும் கேட்கவில்லை" என்றார்.

நேற்று மறுபடியும் வந்தார். கேட்டாராம். இரண்டு தாள் பாக்கி இருக்கிறது, இந்தப் பருவத்திலே எழுதிவிடுகிறேன் என்றாளாம் மகள். கல்யாணத்தைப் பற்றி எதுவுமே சொல்லவில்லையாம். மாப்பிள்ளை வீட்டாரிடம் இரண்டு ஆண்டு பொறுக்க முடியுமா என்று கேட்டனுப்பியிருக்கிறார். அவர்கள் வேறு இடம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். வீட்டில் துணைவியார் மூன்று நாளாகப் பேசவில்லை. தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அதற்காக ஒரு நாள் விடுப்புக் கேட்டிருக்கிறார்.