ஒரே மரபணு, இரண்டு நிறம்

ரொட்டி மாவை உப்பவைக்கும் ஈஸ்ட்டை ஆய்வகத் தட்டில் வளர்த்தால், வெண்மையான வட்டத் திட்டுகளாகப் பெருகும். ஏடிஇ2 என்ற மரபணு பழுதானால் திட்டு சிவந்துவிடும். அடினின் தயாரிப்பு பாதியில் நின்று, தேங்கும் பொருள் சிவப்புச் சாயமாக மாறுவதே காரணம்.

1990-ல் டேனியல் காட்ஷ்லிங்கும் விர்ஜீனியா ஜக்கியனும் அவர்களுடைய குழுவினரும் பழுதில்லாத அந்த மரபணுவைக் குரோமோசோமின் நுனியருகே வைத்தார்கள். வளர்ந்த திட்டில் சிவப்பும் வெள்ளையும் கீற்றுக்கீற்றாகக் கலந்திருந்தன! எல்லாச் செல்களிலும் டிஎன்ஏ எழுத்துகள் ஒன்றேதான். சிலவற்றில் மட்டும் மரபணு வாயடைத்துக் கிடந்தது. உயிரியலில் இவ்வளவு அழகான சோதனைகள் குறைவு என்பேன்.

டிஎன்ஏ வெறும் நூலாகக் கிடப்பதில்லை. எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த ஒவ்வொரு உருண்டையிலும் சுமார் 147 எழுத்து இணைகள் சுற்றியிருக்கும். ஹிஸ்டோன்களின் வால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வாலில் அசிட்டைல் என்ற சிறு வேதிக்குழு ஒட்டியிருந்தால் பிடி தளர்ந்து, மரபணுவைப் படிக்கலாம். குரோமோசோமின் நுனியில் உட்கார்ந்திருக்கும் ராப்1 புரதம் சர்4 என்ற புரதத்தை அழைக்கும். அதனுடன் சர்2-வும் வரும். சர்2 பக்கத்து உருண்டையின் அசிட்டைலை நீக்கும். மொட்டையான வாலைச் சர்3 பற்றிக்கொள்ளும். அங்கே இன்னொரு சர்2 வந்து அடுத்த வாலைப் பார்க்கும். இப்படியே மௌனம் நுனியிலிருந்து உள்ளே பரவுகிறது. எதிர்ப்பக்கத்திலிருந்து சாஸ்2 என்ற புரதம் அசிட்டைலை ஒட்டிக்கொண்டே வருகிறது. இரண்டும் மோதும் இடம்தான் எல்லை.

சர்2 நீக்கும் ஒவ்வொரு அசிட்டைலுக்கும் ஒரு என்ஏடி மூலக்கூறு செலவாகிறது என்பது 2000-ல் தெரிந்தது. உணவைச் சக்தியாக்கும் வேலையில் ஓடியாடும் அதே மூலக்கூறு! முதுமையை ஆராய்பவர்கள் சர்2 மீது கண் வைத்ததில் வியப்பில்லை.

ஈஸ்ட்டுக்கு இந்தச் சர் புரதங்கள் இனச்சேர்க்கைக்கும் தேவை. 'ஏ', 'ஆல்ஃபா' என அதற்கு இரு வகை உண்டு. இரண்டின் தகவலும் மூன்றாம் குரோமோசோமில் பூட்டிவைக்கப்பட்ட நகல்களாக இருக்கின்றன. சர் புரதம் பழுதானால் இரண்டும் ஒருசேரப் பேசும். குழம்பிய செல்லால் இணைசேர முடியாது. ஏடிஇ2 நுனியில் இருக்கும் ஈஸ்ட்டில் சர் புரதம் பழுதானாலோ, திட்டு முழுக்க வெளுத்துவிடும்.

வாயடைத்த மரபணு, செல் பிரிந்த பின்னும் பல தலைமுறைகளுக்கு அப்படியே கிடக்கும். திட்டில் ஒரு சிவப்புக் கீற்றை அதன் கூர்முனை வரை பின்தொடர்ந்தால், அந்த மௌனம் தொடங்கிய ஒற்றைச் செல் இருந்த இடத்துக்கே போய்ச் சேரலாம்.