செம்பனைக்கும் தேய்மானம் உண்டு

தெலுக் இந்தான் வட்டாரத்தில் செம்பனை போட்டவர்களுக்கு மரத்தின் ஆயுள் மனப்பாடம். நட்ட மூன்றாம் ஆண்டு வாக்கில் குலை வெட்டலாம். இருபத்தைந்து வயதில் மரம் கம்பு அரிவாளுக்கு எட்டாத உயரம் போய்விடும், பிறகு மறுநடவுதான்.

கணக்கியலும் இப்போது இதே கண்ணோடுதான் பார்க்கிறது. 2014-இல் திருத்தப்பட்டு 2016-இல் நடப்புக்கு வந்த அனைத்துலகக் கணக்கியல் விதிப்படி, ஆண்டுக்கணக்கில் காய்க்கும் மரமும் ஆலை இயந்திரமும் ஒரே வகைச் சொத்து. குலை விளைபொருள், மரத்துக்குத் தேய்மானம் எழுத வேண்டும். நிலத்துக்கு எழுதுவதில்லை.

போட்ட செலவை மரம் பலன் தரும் ஆண்டுகளுக்குப் பங்கிடுவதே தேய்மானம். எக்செலில் இதற்கு எளிய கட்டளை எஸ்எல்என். செலவு, கடைசியில் தேறும் மதிப்பு, ஆயுள் என மூன்று எண்கள் போதும். ஒரு ஹெக்டர் காய்ப்புக்கு வரும்வரை 22,000 ரிங்கிட் செலவானது, கடைசி மதிப்பு சுழியம், காய்ப்பு 22 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,000 ரிங்கிட் என்று விடை வரும்.

குலை ஏற்றும் லாரி அப்படித் தேயாது; புதிதில்தான் விலை மளமளவென்று இறங்கும். அதற்கு டிடிபி என்ற கட்டளை பொருந்தும். லாரி 1,00,000 ரிங்கிட், ஐந்தாண்டு கழித்து 20,000 தேறும் என்றால், தேய்மானம் முதலாண்டு 40,000, அடுத்து 24,000, பிறகு 14,400. நான்காம் ஆண்டு 1,600 மட்டும். மதிப்பு 20,000-ஐத் தொட்டதும் கட்டளை நின்றுவிடும், ஐந்தாம் ஆண்டு ஒன்றுமில்லை.

டிபி என்ற இன்னொரு கட்டளை ஆண்டுதோறும் கழிக்கும் விகிதத்தைத் தானே கண்டுபிடிக்கும். இதே லாரிக்கு 27.5 விழுக்காடு. ஆனால் கடைசி மதிப்பு சுழியம் என்று கொடுத்தால் முழு விலையையும் முதலாண்டிலேயே கழித்துவிடும். ஆகவே செம்பனைக்கு அது உதவாது.

வருமான வரிக்கு இந்தத் தேய்மானம் செல்லாது. உள்நாட்டு வருமான வரி வாரியம் சட்டம் வகுத்த விகிதத்தில்தான் கழிவு தரும்.

எந்தக் கட்டளைக்கும் ஆயுளைச் சொல்ல வேண்டியவர் தோட்டக்காரர்தான். கரிமண்ணில் நிலம் அமுங்கி மரம் சாய்ந்தால் 22 ஆண்டு என்ற கணக்கு பொய்த்துவிடும். ஆண்டுதோறும் ஆயுளை மறுபடி பார்க்கச் சொல்கிறது விதி. எட்டாண்டு முடிந்த நிலையில் இன்னும் பத்தாண்டுதான் தாங்கும் என்று தெரிந்தால், மீதி 14,000-ஐப் பத்தால் வகுத்து, இனி ஆண்டுக்கு 1,400 எழுத வேண்டும். பழைய பக்கங்களைத் திருத்த வேண்டியதில்லை.