ஆஸ்பத்திரிக்குப் போக ஏன் பயம்?

ஜாய்ஸ் எச்சாக்குவான் ஒரு பழங்குடிப் பெண். கனடா நாட்டைச் சேர்ந்தவர். வயது 37. ஏழு பிள்ளைகளுக்குத் தாய்.

2020 செப்டம்பர் மாதம் ஜாய்ஸுக்குக் கடுமையான வயிற்று வலி வந்தது. ஜோலியட் என்ற ஊரில் உள்ள ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். 28ஆம் தேதி வலி தாங்க முடியவில்லை. கட்டிலில் கிடந்தபடி அலறினார். தன் செல்போனை எடுத்தார். நடப்பதைப் படம் பிடித்து வெளியே இருப்பவர்களுக்குக் காட்டினார்.

அதில் ஆஸ்பத்திரி ஊழியர்களின் பேச்சு கேட்டது. அவரை முட்டாள் என்று திட்டினார்கள். செத்தால் நல்லது என்றார்கள். அன்றே ஜாய்ஸ் இறந்து போனார்.

விசாரணை நடந்தது. 2021ல் அறிக்கை வந்தது. ஜாய்ஸுக்கு இதயக் கோளாறு இருந்திருக்கிறது. நுரையீரலில் நீர் கோத்து இறந்திருக்கிறார். ஊழியர்களோ அவரைப் போதைக்கு அடிமை என்று முடிவு கட்டிவிட்டார்கள். சரியாகக் கவனிக்கவில்லை. இந்த மரணத்தைத் தவிர்த்திருக்கலாம் என்று விசாரணை அதிகாரி சொன்னார். இதில் இனவெறிக்கும் பங்கு உண்டு என்று எழுதினார்.

கனடா பணக்கார நாடு. அங்கே நல்ல டாக்டர்கள் உண்டு. ஆஸ்பத்திரிச் செலவை அரசே ஏற்கிறது. பிறகு ஏன் இப்படி நடந்தது? அதற்குப் பழைய கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நிலம் போனது, உணவும் போனது

கனடாவில் பழங்குடி மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளாக வாழ்கிறார்கள். வேட்டையாடினார்கள். மீன் பிடித்தார்கள். சில இடங்களில் பயிர் செய்தார்கள். அவர்களுக்கென்று மூலிகையும் வைத்தியமும் இருந்தன.

கடல் கடந்து வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். கொலம்பஸ் 1492ல் இந்தியாவைத் தேடிப் புறப்பட்டார். போய்ச் சேர்ந்தது அமெரிக்கக் கண்டத்தின் பக்கம். அதை இந்தியா என்றே நினைத்தார். அங்கே இருந்தவர்களை இந்தியர்கள் என்று அழைத்தார். அந்தத் தவறான பெயர் கனடாவின் பழங்குடி மக்களுக்கும் ஒட்டிக்கொண்டது.

வெள்ளைக்காரர்களோடு புதிய நோய்களும் வந்தன. 1862ல் விக்டோரியா என்ற ஊரில் பெரியம்மை பரவியது. அங்கே தங்கியிருந்த பழங்குடி மக்களை அதிகாரிகள் துரத்தினார்கள். அவர்கள் படகில் ஏறிச் சொந்த ஊருக்குப் போனார்கள். நோயும் கூடவே போனது. கரையோரம் எங்கும் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள்.

சமவெளியில் இருந்த மக்களுக்குக் காட்டெருமைதான் உணவு. வியாபாரத்துக்காகக் காட்டெருமைகள் கூட்டம் கூட்டமாகச் சுடப்பட்டன. 1880 வாக்கில் அவை ஏறக்குறைய அழிந்தே போயின. மக்கள் பட்டினி கிடந்தார்கள். அரசாங்கம் குறிப்பிட்ட இடங்களை ஒதுக்கி, அங்கே போகச் சொன்னது. போகாதவர்களுக்கு ரேஷன் தர மறுத்தது.

வயிற்றில் பசி. சின்ன வீட்டில் நெருக்கடி. இந்த இரண்டும் சேர்ந்தால் காசநோய் எளிதில் பரவும். அப்படித்தான் பரவியது. ஆனால் அதிகாரிகள் என்ன சொன்னார்கள்? இந்த மக்களின் உடம்பே பலவீனமானது என்றார்கள். பழியை நோயாளி மேலேயே போட்டார்கள்.

டாக்டர் சொன்னார், அரசு கேட்கவில்லை

பழங்குடிப் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்தார்கள். தூரத்தில் உள்ள விடுதிப் பள்ளிகளில் சேர்த்தார்கள். அங்கே சொந்த மொழியில் பேசினால் அடி விழுந்தது. காலப்போக்கில் 1,50,000 பிள்ளைகளுக்கு மேல் இப்படிப் போனார்கள். 1990களில்தான் கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டன.

பீட்டர் பிரைஸ் என்பவர் அரசு டாக்டர். 1907ல் இந்தப் பள்ளிகளைப் பார்க்கப் போனார். அறைகளில் காற்றோட்டம் இல்லை. நோயுள்ள பிள்ளையும் நோயில்லாத பிள்ளையும் ஒன்றாகப் படுத்தார்கள். பதினைந்து பள்ளிகளின் கணக்கைக் கூட்டிப் பார்த்தார். சேர்ந்த பிள்ளைகளில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் இறந்திருந்தார்கள். பெரும்பாலும் காசநோய்தான் காரணம்.

பிரைஸ் அரசுக்கு எல்லாவற்றையும் எழுதினார். என்ன செய்ய வேண்டும் என்றும் சொன்னார். செலவாகும் என்று அரசு தள்ளிவிட்டது. வேலையை விட்டுப் போன பிறகு, 1922ல் அவரே ஒரு சிறு புத்தகம் போட்டு ஊருக்குச் சொன்னார்.

நோயாளிகளை ஏற்றிய கப்பல்

கனடாவின் வடக்கே பனிப் பிரதேசம். அங்கே இனுயிட் என்னும் மக்கள் வாழ்கிறார்கள். 1950களில் அங்கே ஓர் அரசுக் கப்பல் போகும். கப்பலில் எக்ஸ்ரே கருவி இருந்தது. மக்களைக் கப்பலில் ஏற்றிச் சோதிப்பார்கள். காசநோய் இருந்தால் திரும்ப இறங்க விடமாட்டார்கள். பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரவும் முடியாது. கப்பல் அப்படியே தெற்கே போய்விடும்.

தெற்கே பழங்குடி மக்களுக்கென்று தனி ஆஸ்பத்திரிகள் இருந்தன. 'இந்தியர் ஆஸ்பத்திரி' என்று பெயர். வெள்ளைக்காரர்களின் ஆஸ்பத்திரியைவிட அங்கே செலவும் குறைவு, வசதியும் குறைவு. நோயாளியின் மொழி டாக்டருக்குத் தெரியாது. டாக்டரின் மொழி நோயாளிக்குத் தெரியாது. பலர் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். 1956ல் இனுயிட் மக்களில் ஏழு பேருக்கு ஒருவர் இப்படித் தெற்கே ஆஸ்பத்திரியில் இருந்தார்.

சிலர் குணமாகித் திரும்பினார்கள். சிலர் அங்கேயே இறந்தார்கள். எங்கே புதைத்தார்கள் என்று வீட்டுக்குத் தகவல் வரவில்லை. வைத்தியம் செய்தது உண்மைதான். ஆனால் நோயாளியை மனிதராக மதிக்கவில்லை. 2019ல் கனடாவின் பிரதமர் இதற்காக இனுயிட் மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

காசு யார் கொடுப்பது?

ஜோர்டன் என்ற பழங்குடிச் சிறுவன் 1999ல் கடும் நோயோடு பிறந்தான். இரண்டு வயதில், வீட்டில் வைத்தே கவனிக்கலாம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். பழங்குடி மக்களின் செலவு மத்திய அரசைச் சேர்ந்தது என்றது மாநில அரசு. மத்திய அரசு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சண்டை நடந்தது. குழந்தை ஆஸ்பத்திரியிலேயே கிடந்தான். 2005ல், ஐந்து வயதில், வீட்டைப் பார்க்காமலே இறந்தான்.

இதன்பின் 2007ல் நாடாளுமன்றம் ஒரு தீர்மானம் போட்டது. முதலில் குழந்தைக்கு வேண்டியதைச் செய்யுங்கள். காசுக் கணக்கைப் பிறகு பேசுங்கள். இதற்கு ஜோர்டன் பெயரையே வைத்தார்கள்.

பயம் அறியாமை அல்ல

2008ல் வின்னிபெக் நகரத்தில் பிரையன் சின்க்ளேர் என்ற பழங்குடி மனிதர் ஆஸ்பத்திரிக்குப் போனார். இரண்டு காலும் இல்லாதவர். சக்கர நாற்காலியில் 34 மணி நேரம் காத்திருந்தார். குடித்துவிட்டுத் தூங்குகிறார் என்று சில ஊழியர்கள் நினைத்தார்கள். ஒருவரும் வைத்தியம் பார்க்கவில்லை. அங்கேயே இறந்தார்.

இப்படிப்பட்ட செய்திகள் வீட்டுக்கு வீடு தெரியும். பாட்டி கப்பலில் போனது பேத்திக்குத் தெரியும். அதனால் பலர் ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்குகிறார்கள். நோய் முற்றிய பிறகே போகிறார்கள். உடனே என்ன சொல்கிறார்கள்? இவர்களுக்கு விவரம் போதாது என்கிறார்கள். அது தவறு. பட்ட அனுபவம்தான் அந்தப் பயம்.

மாற்றம் வருகிறதா?

வருகிறது, மெதுவாக. பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் 2013 முதல் பழங்குடி மக்களே தங்கள் சுகாதாரத் திட்டங்களை நடத்துகிறார்கள். சூ லுக்கவுட் என்ற சிறிய ஊரில் 2010ல் ஓர் ஆஸ்பத்திரி திறந்தது. அங்கே நோயாளியின் மொழியைப் பேச ஆள் உண்டு. அவர்கள் வழக்கமாக உண்ணும் வேட்டைக் கறியும் கிடைக்கும். 2024ல் கனடாவின் மருத்துவர் சங்கம் பழங்குடி மக்களிடம் மன்னிப்புக் கேட்டது.

ஆனால் மன்னிப்பு மட்டும் நோயைத் தீர்க்காது. இன்றும் இனுயிட் மக்களிடம் காசநோய் அதிகம். கனடாவில் பிறந்த மற்றவர்களைவிட நூறு மடங்குக்கும் மேல். நல்ல வீடு, நல்ல உணவு, மரியாதையான வைத்தியம் மூன்றும் வேண்டும்.

மருந்து உடம்புக்கு. மரியாதை மனதுக்கு. மரியாதை இல்லாத இடத்துக்கு நோயாளி வரமாட்டார். வராதவருக்கு எந்த மருந்தும் பயன்படாது.

பேசிப் பார்ப்போம்

1. காசநோய் பரவியதற்கு உடம்பின் பலவீனம் காரணமா? வேறு என்ன காரணங்கள்?

2. உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துகிறார்களா? யாராவது போகத் தயங்குகிறார்களா? ஏன்?

3. நோயாளியிடம் டாக்டரும் நர்சும் எப்படிப் பேச வேண்டும்?