பின்னால் யார்?

விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்தில் ஐந்து நிமிடம் நின்றால் அந்த விசில் காதுக்குப் பழகிவிடும். ஒன்று என்றால் நில், இரண்டு என்றால் போ. பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது நடத்துநர் இறங்கிப் போய், ஓட்டுநரின் கண்ணாடியில் தெரிகிற மூலையில் நின்று விடாமல் ஊதுவார். ஊதல் நின்றால் பிரேக். ஆள் கண்ணாடியில் தெரியாமல் போனாலும் பிரேக்தான்.

வேலையிடத்து வாகனப் பாதுகாப்பு பற்றிக் கம்பெனிகள் அச்சடிக்கும் தடித்த கையேடுகளில் பாதி இந்த ஊதலுக்குள் அடங்கிவிடும். 1975-இல் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் தொடங்கிய ஊருக்கு இது புதிதல்ல. ஆனால் பஸ் டிப்போவுக்குள் நுழைந்து, நடத்துநர் கலெக்‌ஷன் கட்டப் போய்விட்டால்? டீசல் போடவும் கழுவவும் இருட்டில் வண்டி பின்வாங்கும் நேரத்தில்தான் அவர் அங்கே தேவை.

திண்டிவனம் சாலையில் முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலை. கரும்புப் பருவத்தில் டிராக்டர் ஓட்டுபவருக்குப் பின்னால் தெரிவதெல்லாம் கரும்புதான். தோகை தொங்கி டிரெய்லரின் சிவப்பு விளக்கையும் மறைத்துவிடும். ஆலை வாசல்களில் எடை மேடைக்குக் காத்திருக்கும் வரிசை நகர மணிக்கணக்காகும். வெயிலுக்கு வண்டிக்கு அடியிலேயே துண்டை விரித்துவிடுவார்கள். முன்வண்டி நகர்ந்ததும் அவசரமாகச் சாவி திருகப்படும். வண்டியை ஒருமுறை சுற்றி வந்து, குனிந்து பார்க்க அரை நிமிடம் போதும். சாவி, படுத்திருப்பவர் மடியில் இருந்தால் இன்னும் நல்லது. (டயருக்கு முட்டுக் கொடுத்த கல்லை நடுரோட்டில் விட்டுப்போகும் புண்ணியவான்களுக்குத் தனிக் கட்டுரை எழுத வேண்டும்.)

திருவக்கரைப் பக்கத்துக் குவாரி டிப்பர்களில் வேறொரு கண்டம்: தொட்டியைத் தூக்குமுன் தலைக்கு மேல் மின்கம்பி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48, ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணியாவது ஓய்வு என்று மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே எழுதி வைத்தது. கூலி நடைக்கு இவ்வளவு என்று பேசப்படும் இடத்தில் அதை யார் பார்க்கிறார்கள்? இறங்கிப் பார்க்கும் அரை நிமிடமும் அடுத்த நடையில் கழிகிறது. செலவு கட்டுப்படியாகவில்லை என்று முதலில் நிறுத்தப்படுபவர் கிளீனர். பின்னால் போய் நின்று, ‘வா... வா... வா...’ என்று கத்த இருந்த ஒரே ஆள் அவர்தான்.