காற்று ஓய்ந்ததும் வெளியே போகலாமா?

1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியது. தென்னந்தோட்டங்கள் சாய்ந்தன, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அதைக் கண்ட முதியவர்கள் இன்றும் எம்மிடையே உளர்.

சூறாவளியின் நடுப்பகுதியைக் 'கண்' என்பர். அது எமது ஊருக்கு மேலாகக் கடந்தால் காற்றுச் சட்டென அடங்கும், மழையும் விடலாம். அடுத்த கொட்டிலில் அம்மா எப்படி இருக்கிறாரோ என்று மனம் பதறி நாம் ஓடுவது அப்போதுதான். ஆனால் அந்த அமைதி சிறிது நேரமே. பின்னர் எதிர்த்திசையிலிருந்து காற்று மீண்டும் கடுமையாக அடிக்கும். முதற்காற்றில் ஆட்டங்கண்ட மரமும் சுவரும் மறுகாற்றில் விழக்கூடும். ஆகவே, தேடுதல் மறுகாற்றும் ஓய்ந்த பின்பே. அறுந்து கிடக்கும் மின்கம்பியைத் தாண்டவும் வேண்டாம்.

கிடுகுக் கொட்டில் சூறாவளியைத் தாங்காது. எச்சரிக்கை வந்ததும் எந்தக் கல்வீட்டுக்கு அல்லது பாடசாலைக்குப் போவது, நடக்க இயலாதவரை யார் கூட்டிச் செல்வது என்பதை ஐப்பசியிலேயே பேசி வைப்போம். தொலைபேசி வேலை செய்யாமற் போகலாம். எனவே போய்ச் சேர்ந்த இடத்தில் குடும்பத்தார் அனைவரது பெயரையும் கிராம உத்தியோகத்தரிடமோ பங்குத் தந்தையிடமோ பதியவேண்டும். இடம்பெயர்ந்த எமது சிறுவர் சிலருக்கு முகாமின் பெயர் மட்டுமே தெரியும். தாய் தகப்பனின் முழுப் பெயரையும் சொந்த ஊரையும் சொல்ல அவர்களைப் பழக்குவோம்.